குற்றத்தைக் குறைப்பது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கொலையோ பாலியல் வன்கொடுமையோ தலைப்புச் செய்தியானால் மூன்று கோரிக்கைகள் தவறாமல் எழும்: ரோந்தைக் கூட்டுங்கள், தண்டனையைக் கடுமையாக்குங்கள், கேமரா மாட்டுங்கள். எது பலன் தரும் என்பதை மேடையில் வாதாடித் தீர்க்க முடியாது. சோதித்துத் தெரிந்துகொள்ள முடியும். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சமூக அறிவியலாளர்கள் அப்படிச் சோதித்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றில் பல, நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களை இன்னும் எட்டவில்லை.

திட்டத்துக்கு முன் எத்தனை குற்றம், பின் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் போதாதா?

போதாது. ஒரு பகுதியில் ஒரே மாதத்தில் வழக்கத்தைவிட அதிகமாகச் சங்கிலிப் பறிப்புகள் நடக்கின்றன என்று வையுங்கள். தனிப்படை அமைக்கப்படுகிறது. அடுத்த மாதம் எண்ணிக்கை இறங்குகிறது. தனிப்படையின் வெற்றி என்று செய்திக்குறிப்பு வருகிறது. ஆனால் தற்செயலாக ஏறிய எண்ணிக்கை தானாகவே இறங்குவதும் இயல்புதான். தனிப்படை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட, அதே மாதிரியான வேறொரு பகுதி ஒப்பிடுவதற்கு வேண்டும். அந்தப் பகுதியை அதிகாரி தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்தால் அங்கும் சந்தேகம் நுழையும். ஆகவே எந்தப் பகுதிக்குத் திட்டம், எந்தப் பகுதிக்கு இல்லை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. இதைச் சமவாய்ப்புச் சோதனை என்பார்கள். புதிய மருந்துகளைச் சோதிப்பதும் இப்படித்தான்.

நல்லெண்ணத்தோடு செய்கிற உதவியைக்கூடச் சோதிக்க வேண்டுமா? உதவி எப்படிக் கெடுதல் செய்யும்?

செய்திருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் கசப்பான கதை இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற மருத்துவர், ஏழைச் சிறுவர்கள் வழிதவறிப் போகாமல் காப்பதற்கு 1930களில் ஒரு திட்டம் வகுத்தார். 506 சிறுவர்கள். வயது, குடும்பம், குணம் ஆகியவற்றில் ஒத்திருந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, யாருக்கு உதவி என்று நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தார்கள். 1939 முதல் 1945 வரை, உதவி பெற்ற சிறுவர்களின் வீடுகளுக்கு ஆலோசகர்கள் போய்வந்தார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள், கோடை முகாம்களுக்கு அனுப்பினார்கள். இதில் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார். அப்போது அவர்கள் நடுத்தர வயது ஆண்கள். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்லின. இரு குழுக்களையும் ஒப்பிட்டபோது, ஒரு குற்றத்தோடு நிற்காமல் மீண்டும் குற்றம் செய்தவர்கள் உதவி பெற்றவர்களில்தான் அதிகம். குடிநோயின் அறிகுறிகள், மனநோய், முன்கூட்டிய மரணம் என எல்லாவற்றிலும் அவர்கள் பக்கமே தராசு சாய்ந்தது. 1978இல் மெக்கார்ட் இதை வெளியிட்டார்.

ஏன் இப்படி ஆனது? பிற்பாடு அவரும் சக ஆய்வாளர்களும் தரவுகளை மீண்டும் அலசியபோது கோடை முகாம் கண்ணில் பட்டது. முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் போன சிறுவர்களிடம்தான் கெடுதல் திரண்டிருந்தது. துடுக்கான பையன்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்தால் ஒருவன் சொல்லும் சாகசக் கதைக்கு மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். குற்றத்தில் சிக்கிய சிறுவர்களை ஒன்றாக வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வருகிறது.

பயனாளிகளின் மனநிறைவை வைத்து மட்டும் ஒரு திட்டத்தை எடைபோடக் கூடாது என்பதும் இங்கே தெரிகிறது. ஒப்பிடுவதற்கு அந்த இன்னொரு குழு இல்லாதிருந்தால், இன்றும் அதை வெற்றிக் கதையாகவே சொல்லிக்கொண்டிருப்போம்.

மாணவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் காட்டினால் பயந்து திருந்திவிட மாட்டார்களா?

நியூஜெர்சியின் ராவே சிறையில் 1976இல் இதைத் தொடங்கினார்கள். ஆயுள் கைதிகள், அழைத்துவரப்பட்ட சிறுவர்களின் முகத்துக்கு நேராகக் கத்தி, சிறைக்குள் நடக்கும் கொடுமைகளை விவரித்து மிரட்டுவார்கள். இதைப் பற்றி எடுத்த ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஜேம்ஸ் ஃபிங்கனவர் சமவாய்ப்பு முறையில் சோதித்தபோது, சிறைக்குப் போய்வந்த சிறுவர்களில் 41 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குள் குற்றத்தில் சிக்கினார்கள். போகாதவர்களில் 11 சதவீதத்தினர். அது சிறிய ஆய்வு என்று ஒதுக்கவும் வழியில்லை. இதுபோன்ற ஒன்பது சோதனைகளைத் திரட்டிப் பார்த்த பிற்கால மதிப்பீடும், ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சிறுவர்கள் இதைவிட நன்றாக இருந்திருப்பார்கள் என்றுதான் சொல்கிறது.

ரோந்து வாகனம் சுற்றிக்கொண்டே இருந்தால் திருடன் வரமாட்டானே?

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1972 அக்டோபர் முதல் ஓராண்டு இதைச் சோதித்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வழக்கமான ரோந்து. இன்னொன்றில் இரண்டு மூன்று மடங்கு. மூன்றாவதில் ரோந்தே கிடையாது. அழைப்பு வந்தால் மட்டும் போலீஸ் போகும். ஆண்டின் முடிவில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குற்றமும் மாறவில்லை, மக்களின் அச்சமும் மாறவில்லை. ரோந்து நின்றுபோனதை மக்கள் கவனித்ததாகவே தெரியவில்லை.

போலீசால் பயனில்லை என்று அப்போது சிலர் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதினார்கள். உண்மையில் அந்தச் சோதனை சொன்னது அதைவிடக் குறுகிய விஷயம்: எல்லாத் தெருக்களிலும் பரவலாகச் சுற்றுவதில் பலன் இல்லை. குற்றம் அப்படிப் பரவிக் கிடப்பதும் இல்லை. மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்தபோது, நகரத்து முகவரிகளில் வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. ஒரு மதுக்கடை, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு முட்டுச்சந்து. அதே நகரில் அத்தகைய 110 இடங்களைத் தேர்ந்து, குலுக்கலில் விழுந்த 55 இடங்களில் மட்டும் ரோந்தைக் கூட்டிப் பார்த்தார்கள். 1995இல் வெளிவந்த முடிவு: அழைப்புகள் சுமாராக, ஆனால் நம்பத்தக்க அளவில் குறைந்தன. நாள் முழுக்க நிற்கவும் தேவையில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் மீண்டும் வருவதே சிறந்த பலன் தந்தது.

ஓரிடத்தில் விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்களே?

நினைப்பதைவிடக் குறைவாகவே நடக்கிறது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் பார்த்தபோது, பக்கத்துத் தெருக்களும் கொஞ்சம் அமைதியாகியிருந்தன. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1,919 தெருத்துண்டுகளில் நடந்த பெரிய சோதனையில் படம் அவ்வளவு எளிமையாக இல்லை: திருட்டு பக்கத்துக்கு நகர்ந்தது போலத் தெரிந்தது, கடும் வன்முறை அப்படி நகரவில்லை. திருடுகிறவனுக்குப் பணம் எங்கே கிடைத்தாலும் சரி. மதுக்கடை வாசலில் மூளும் சண்டைக்கு அந்த வாசல்தான் வேண்டும்.

கடுமையான தண்டனைதானே பயத்தை உண்டாக்கும்? தூக்கில் போட்டால் கொலை குறையாதா?

"அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்" என்று வளர்ந்த சமூகம் நம்முடையது, கேள்வி நியாயமானது.

ஐசக் எர்லிக் என்ற பொருளாதார அறிஞர் 1975இல், ஒரு மரண தண்டனை ஏழெட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று கணக்கிட்டார். உலகம் முழுவதும் அது மேற்கோளானது. மற்றவர்கள் அதே கணக்கைச் சில ஆண்டுகளின் தரவை நீக்கியோ சூத்திரத்தைச் சற்று மாற்றியோ போட்டபோது விடை தலைகீழானது. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் 1978இல் ஒரு முறையும், டேனியல் நேகின் தலைமையிலான குழுவின் மூலம் 2012இல் மறுமுறையும் எல்லா ஆய்வுகளையும் அலசியது. தூக்குத் தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றும் செய்யவில்லையா என்று இந்த ஆய்வுகளை வைத்துச் சொல்லவே முடியாது, கொள்கை வகுக்க இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2012ஆம் ஆண்டு முடிவு. தூக்கை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த அறிக்கையைத் தங்களுக்குச் சாதகமாக வளைக்கிறார்கள். அது இரு தரப்புக்கும் இடம் தரவில்லை.

ஆய்வுகள் ஓரளவு ஒன்றுபடுவது வேறொன்றில்: பிடிபடுவோம் என்ற நிச்சயம் தண்டனையின் கடுமையைவிட அதிகமாகத் தடுக்கிறது. இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இலேயே இதைச் சொன்னார். பிடிபட மாட்டோம் என்று நினைக்கிறவனுக்குப் பத்தாண்டும் ஒன்றுதான், தூக்கும் ஒன்றுதான். நம் நாட்டைப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2019இல் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனை கிடைத்த விகிதம் 27.8 சதவீதம். அதே ஆண்டு போக்சோ சட்டத்தில் மரண தண்டனை சேர்க்கப்பட்டது. 2022 இறுதியில் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமானோர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். தாமதமும் நிச்சயமின்மையும் இந்த அளவில் இருக்கும்போது சட்டப் புத்தகத்தில் தண்டனையை ஏற்றுவது செலவில்லாத வேலை. அதனால்தான் அரசுகளுக்கு அது பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மனைவியை அடிப்பவனைக் கைது செய்தால் அடங்குவானா?

1981-82இல் மினியாபொலிஸில் லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் 314 வழக்குகளில் சோதித்தார்கள். சம்பவ இடத்துக்குப் போகும் காவலர் கைது செய்வதா, அறிவுரை சொல்வதா, கணவனைச் சில மணி நேரம் வெளியே அனுப்புவதா என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஆறு மாதங்களில் காவல் பதிவுகளின்படி மீண்டும் அடித்தவர்கள்: கைதானவர்களில் 10 சதவீதம், அறிவுரை கேட்டவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24. முடிவு பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பல மாநிலங்கள் கைதைக் கட்டாயமாக்கின.

ஒரே ஒரு நகரம், ஒரே ஒரு சோதனை. இன்னும் ஐந்து நகரங்களில் செய்து பார்த்தபோது விடை சிதறியது. சிலவற்றில் கைது பலன் தந்தது, சிலவற்றில் இல்லை. மில்வாக்கி நகரில் ஷெர்மனே 1,200 வழக்குகளை வைத்து நடத்திய சோதனை இன்னும் சங்கடமானது: வேலையில் இருப்பவனைக் கைது அடக்கியது, வேலையில்லாதவனை மேலும் மூர்க்கனாக்கியது. இழப்பதற்கு எதுவும் இல்லாதவனுக்குக் கைது அவமானமாக உறைக்கவில்லை, கோபமாகவே மாறியது என்று விளக்கினார்கள். 23 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கணவன் எச்சரிக்கப்பட்ட பெண்களைவிடக் கணவன் கைதான பெண்களில் இறந்தவர்களின் விகிதம் 64 சதவீதம் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கொலையுண்டவர்கள் அல்லர். இதயநோய் போன்றவற்றால் இறந்தவர்கள்.

அடிப்பவனை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. பெண்ணின் பாதுகாப்பு, அவள் வாழ வழி, சட்டத்தின் நியாயம் ஆகியவை தனி வாதங்கள், வலுவான வாதங்கள். கைது ஒன்றே மருந்து என்பதுதான் நிற்கவில்லை. இதே மில்வாக்கித் தரவில் இன்னொரு முத்து கிடைத்தது: கைதானவர்களிலும், தங்களைப் போலீசார் முறையாக நடத்தினார்கள், தாங்கள் சொன்னதைக் காதில் வாங்கினார்கள் என்று உணர்ந்தவர்கள் மீண்டும் அடிப்பது குறைவாக இருந்தது. கழிப்பறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு நிற்கும் குற்றவாளிகளின் படத்தைப் பகிர்ந்து மகிழும் நம்மவர்கள் இந்த முடிவை ஒரு முறையாவது படிக்கலாம்.

நம் மாவட்டத்தில் வழக்குகள் கூடிவிட்டன என்கிறார்கள். குற்றம் பெருகிவிட்டதா?

வழக்குகளின் எண்ணிக்கை, குற்றமும் பதிவும் கலந்த ஒன்று. 2020இல் இந்தியாவில் பதிவான மொத்த வழக்குகள் முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் கூடின. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்கள் திடீரென்று குற்றவாளிகள் ஆகிவிடவில்லை. ஊரடங்கு உத்தரவை மீறியதாகப் போட்ட வழக்குகள்தான் குவிந்தன. ஆவணக் காப்பகம் ஒரு சம்பவத்தில் உள்ள மிகக் கடுமையான குற்றத்தை மட்டுமே எண்ணுகிறது என்பதும் பலருக்குத் தெரியாது: வன்கொடுமையும் கொலையும் சேர்ந்து நடந்தால் அது கொலைக் கணக்கில் மட்டும் சேரும்.

மறுபக்கம், பதிவாகாத குற்றம். கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பிறகும், வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதத்தினர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். காவல் நிலையத்தை மட்டும் எண்ணினால் இன்னும் குறையும். ஆகவே ஒரு மாநிலத்தில் பெண்களுக்கு எதிரான வழக்குகள் குறைவாக இருந்தால் கைதட்டுவதற்கு முன் அங்கே புகாரை வாங்குகிறார்களா என்று கேட்க வேண்டும். வீடுதோறும் போய்க் கேட்கும் ஆய்வுகள் இல்லாமல் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

அனைத்து மகளிர் காவல் நிலையங்களால் பலன் உண்டா?

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இந்திய நகரங்களில் இத்தகைய நிலையங்கள் திறந்த பிறகு என்ன நடந்தது என்று சோபியா அமரல், சோனியா பலோத்ரா, நிஷீத் பிரகாஷ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். பதிவான வழக்குகள் கூடின. ஆனால் வீடுகளில் நேரடியாகக் கேட்ட ஆய்வுகளில் கணவனின் வன்முறை கூடியிருக்கவில்லை. அதாவது கூடியது பதிவு. நல்ல செய்திதான்.

2015இல் மாவட்டந்தோறும் இவற்றைத் திறந்த அரியானாவை ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸலின் முடிவு அவ்வளவு இனிப்பாக இல்லை. "மகளிர் நிலையத்துக்குப் போம்மா" என்று மற்ற நிலையங்கள் கைகழுவ அது வசதியாகிவிட்டது. பெண்கள் கூடுதல் தூரம் அலைந்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் வேறு வழியை முயன்றார்கள். தனி நிலையம் கட்டாமல், சாதாரண நிலையங்களுக்குள்ளேயே மகளிர் உதவி மேசை. சந்தீப் சுக்தங்கர், கேப்ரியல் குருக்ஸ்-விஸ்னர், அக்‌ஷய் மங்லா மூவரும் 180 காவல் நிலையங்களில் சமவாய்ப்பு முறையில் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். உதவி மேசை இருந்த நிலையங்களில் பதிவு கூடியது. முதல் தகவல் அறிக்கைகளைப் பொறுத்தவரை, மேசையில் பெண் அதிகாரிகள் இருந்த இடங்களில்தான் அந்த ஏற்றம்.

இந்தியக் காவல்துறை இப்படிச் சோதிக்க இடம் தருமா?

ராஜஸ்தான் தந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும், காவல்துறை அதிகாரி நீனா சிங் உள்ளிட்டோருடன் சேர்ந்து 162 நிலையங்களில் பல சீர்திருத்தங்களைச் சோதித்தார்கள். காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும், அடிக்கடி நடக்கும் பணியிட மாற்றத்தை நிறுத்தி வைத்ததும் பலன் தந்தன. வார விடுமுறையும், நிலையத்தில் வந்து உட்காரும் பொதுமக்கள் பார்வையாளர்களும் ஏட்டோடு நின்றுபோயினர். நிலைய அதிகாரியின் கைப்பிடியைத் தளர்த்தும் எதையும் அவர் ஒழுங்காக நடக்கவிடவில்லை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

எனக்குப் பிடித்தது அதே மாநிலத்தின் குடிபோதை வாகனச் சோதனை ஆய்வு. சில நிலையங்கள் ஒரே இடத்தில் தடுப்பு வைத்தன. சில, மூன்று இடங்களுக்கு மாற்றி மாற்றி வைத்தன. மாற்றியவர்களின் எல்லையில் இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவு விபத்து மரணங்கள் 25 சதவீதமும் குறைந்தன. ஒரே இடத்தில் நின்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. எந்த முனையில் தடுப்பு இருக்கும் என்று தெரிந்துவிட்டால் வண்டி வேறு தெருவில் போய்விடும். இது நம் ஊரில் வண்டி ஓட்டும் எவருக்கும் தெரிந்ததுதான்.

கேமரா?

சண்டையைத் தடுப்பதில் கேமராவின் பலன் சொற்பம். வாகன நிறுத்துமிடத் திருட்டைத் தடுப்பதில் கணிசம். நடந்த குற்றத்தைத் துப்புத் துலக்க உதவும் என்பது வேறு பயன், தடுப்பதோடு அதைக் குழப்பக் கூடாது. சென்னையில் 'மூன்றாவது கண்' என்று கேமராவுக்குச் செய்த பிரசாரத்தில் ஒரு பங்கைத் தெருவிளக்குக்கும் செய்யலாம். 2016இல் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் விளக்குக் கோபுரங்கள் வைத்தபோது, இரவில் வெட்டவெளியில் நடக்கும் கடுங்குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன.

ஏற்கெனவே குற்றத்தில் ஊறியவர்களை மாற்ற முடியுமா?

லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், உள்நாட்டுப் போர் ஓய்ந்த பின், திருட்டிலும் போதைப்பொருளிலும் வாழ்ந்த 999 ஆண்களை வைத்துக் கிறிஸ்டோபர் பிளாட்மன் குழு சோதித்தது. சிலருக்கு எட்டு வாரம் மனப்பயிற்சி: கோபம் வரும்போது நிதானிப்பது, உடை, பேச்சு, எதிர்காலத்தைத் திட்டமிடுவது. சிலருக்கு 200 டாலர். சிலருக்கு இரண்டும். சிலருக்கு எதுவும் இல்லை. பணம் மட்டும் பெற்றவர்களிடமும் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடமும் மாற்றம் ஓராண்டில் மங்கியது. இரண்டும் பெற்றவர்களிடம் பத்தாண்டு கழித்தும் குற்றச் செயல்கள் ஏறக்குறையப் பாதியாகவே இருந்தன. குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த அந்தப் பணத்தைப் பெரும்பாலும் அப்படி வீணடிக்கவில்லை. சிறிது காலம் தெருவில் வியாபாரம் செய்தார்கள். வியாபாரம் பிறகு நொடித்துப்போனது. பழக்கம் மட்டும் நிலைத்தது. அந்த இடைவெளியில் புது மனிதனாக நடந்து பார்க்க அவகாசம் கிடைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பாதுகாப்பைக் குலுக்கல் போட்டுக் கொடுப்பது அநியாயம் இல்லையா?

எல்லோருக்கும் கொடுக்கப் பணமும் ஆளும் இருந்து, பலனும் உறுதியாகத் தெரிந்திருந்தால் அநியாயம்தான். இரண்டும் இருப்பது அபூர்வம். இப்போதும் திட்டங்கள் ஒரே நாளில் எல்லா ஊருக்கும் போவதில்லை. அமைச்சரின் தொகுதிக்கு முதலில் போகின்றன. அந்த வரிசையைக் குலுக்கலிடம் விட்டால், பின்னால் பெறப்போகும் ஊர்களே ஒப்பீட்டுக் குழுவாக அமைந்துவிடும், தனிச் செலவும் அதிகமில்லை. புதிதாக நூறு நிலையங்களுக்கு ஏதாவது கொடுக்கப்போவதாக அரசு அறிவிக்கும்போது, முதல் ஐம்பதை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் எழுந்து கேட்டால்கூடப் போதும்.